ஜானவி மேடையில் இல்லை

அத்தியாயம் 12

கல்லூரியில் சேர்ந்த இந்த ஐந்து மாதத்தில் ஜானவி ஒரு பாட்டுக்கூடப் பாடவில்லை. சனிக்கிழமைப் பாட்டு வகுப்பும் நின்றுபோயிற்று. சாயங்காலம் ஏழு மணியானால் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே எதையோ சத்தமாகப் படித்துக்கொண்டிருக்கிறாள். சென்ற வாரம் பாகீரதி பொறுமை இழந்து, "ஒரே ஒரு தடவை அந்தக் காலேஜ் மேடையில பாடிக் காட்டு. அப்புறம் நான் வாயே திறக்கலை" என்று சொல்ல, மகள் வெகுநேரம் யோசித்துவிட்டு, "சரிம்மா, பேர் குடுக்கறேன்" என்றாளே, அந்தப் போட்டி இன்றைக்கு.

காலையில் பையை எடுத்துக்கொண்டு கிளம்பியவளிடம் பாகீரதி மெதுவாகக் கேட்டாள்.

"மத்தியானம் நானும் வரட்டுமாடி?"

"ஐயோ, வேண்டாம்மா! காலேஜ்ல யாரோட அம்மாவும் வரமாட்டா. பின்னே எல்லாரும் என்னைக் களியாக்கிச் சிரிப்பா."

சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடிவிட்டாள். சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்த பாகீரதியின் கணவர் சுப்பு, "அவதான் வேண்டாங்கறாளே, விட்டுடேன் பாகீ" என்றார்.

பாகீரதி சுக்கைத் தட்டச் சமையலறைக்குப் போனாள். பதினொரு மணிக்குச் சுக்கு வெந்நீரைப் பிளாஸ்கில் ஊற்றி மூடியை இறுக்கினாள். போவது என்று எப்போதோ தீர்மானம் செய்தாகிவிட்டது.

பதினொரு வருஷப் பழக்கம் அவ்வளவு லேசில் போகுமா? இரண்டாம் வகுப்பில் ஆரம்பித்தது. சாஸ்திரீய சங்கீதம், லலிதகானம், சம்ஸ்கிருத சுலோகம், குழுப்பாட்டு. பள்ளிக் கலைவிழாவான கலோத்ஸவம் என்றால் அவர்கள் குடியிருக்கும் வலியசாலை முழுக்க பாகீரதியைத்தான் சொல்லும். விண்ணப்பத்தை நிரப்புவது அவள். பட்டுப்பாவாடைக்குப் பூவைப் பொருத்துவது அவள். ஜில்லா மட்டத்தில் இரண்டாவது இடம் என்று அறிவித்தபோது, அப்பீல் கொடுக்க மழையில் நின்று, நடுவர்களிடம் வாதாடி, மாநில மேடைவரை மகளைக் கொண்டுபோய் நிறுத்தியதும் அவள்தான். 'ஏ' கிரேடு கிடைத்தது. பரீட்சையில் கூட்டிக்கொள்ள கிரேஸ் மார்க்கும் கிடைத்தது. அன்று வேனில் திரும்பி வரும்போது ஜானவி, "மதிம்மா. போறும், இனிமே மதி" என்று சொல்லித் தாயின் மடியில் படுத்துத் தூங்கிப்போனாள். களைப்பில் சொல்கிறாள் என்று பாகீரதி நினைத்துக்கொண்டாள்.

பாளையத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, கல்லூரிக்குள் நுழைந்து, இரண்டு பேரிடம் வழி கேட்டு, செமினார் ஹாலைக் கண்டுபிடித்தபோது மணி ஒன்றே முக்கால்.

உள்ளே போனதும் திகைப்பாக இருந்தது. பள்ளிக்கூடத்தில் இந்த நேரத்துக்கு எத்தனை அமளி இருக்கும்! மேக்கப் போடுபவர், பூக்கூடை, பதறும் தாய்மார்கள், சீட்டில் இடம் பிடிக்கும் அப்பாக்கள். இங்கே மொத்தம் இருபது பேர். ஒரு பெண் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள். பாட வந்தவர்கள் ஜீன்ஸிலும் சாதாரணச் சுடிதாரிலும் இருந்தார்கள். பக்கத்துக் கட்டடத்தில் பரீட்சை நடப்பதால் ஒலிபெருக்கிகூட இல்லை. எந்த அம்மாவும் இல்லை.

பாகீரதி கடைசி வரிசையில் தூணோரமாக உட்கார்ந்தாள்.

மூன்று பேர் பாடினார்கள். நான்காவதாக, சங்கீத கிளப் செயலாளர் ஸ்ரீப்ரியா, மூன்றாம் வருஷப் பெண், தாளைப் பார்த்துக் கூப்பிட்டாள்.

"ஜானவி சுப்ரமணியன். ஃபர்ஸ்ட் இயர் பிகாம்."

யாரும் எழுந்திருக்கவில்லை.

"ஜானவி உண்டோ?"

பாகீரதி எழுந்து வாசலைப் பார்த்தாள்.

மூன்றாவது தடவையும் கூப்பிட்டுவிட்டு ஸ்ரீப்ரியா பேனாவால் ஒரு கோடு இழுத்தாள். பாகீரதி அவளருகே போய்விட்டாள்.

"ஏம்மா, நான் ஜானவியோட அம்மா. ஒரு அஞ்சு நிமிஷம் பொறுத்துக்கோ. வந்துடுவா. கடைசியில பாடட்டுமே?"

பள்ளியில் எத்தனையோ ஆசிரியைகளிடம் கேட்ட அதே வார்த்தை. ஸ்ரீப்ரியா எழுந்து நின்று மரியாதையாகத்தான் பேசினாள். அவளுக்கும் வீட்டில் தமிழ்தான் போலிருக்கிறது.

"ஆன்ட்டி, இங்க பேர் குடுத்தவங்கதான் வரணும். அம்மா வந்து சொன்னா நான் எழுத முடியாது. அவ மத்தியானமே வந்து சொல்லிட்டுப் போனா. 'சேச்சி, நான் வந்தாலும் வந்தேன், இல்லைன்னா பேரை வெட்டிடுங்க'ன்னா. இப்ப எக்ஸாம் பிளாக்ல இருக்கா."

"எக்ஸாமா? ஃபர்ஸ்ட் இயருக்கு இன்னிக்கு எக்ஸாமே இல்லையே!"

"அவளுக்கு இல்லை ஆன்ட்டி. வேற ஒருத்தருக்காக எழுதறா."

பாகீரதி கைப்பையில் போனைத் தேடினாள். வேறு ஒருத்தருக்காகப் பரீட்சை எழுதுகிறாளா? என்ன பெண் இவள்? பிடிபட்டால் என்ன ஆகும்?

வராந்தாவில் நின்று சுப்புவுக்குப் போன் போட்டாள். வெளியே மழை பிடித்துக்கொண்டது. கத்திப் பேசவேண்டியிருந்தது.

"ஏன்னா, கேட்டேளா, ஜானு பாடலை! மூணு தடவை பேர் கூப்ட்டா. வேற யாருக்கோ பரீட்சை எழுதிண்டிருக்காளாம்!"

மறுமுனையிலிருந்து சுப்பு சொன்னார்: "அந்தக் கண் தெரியாத பொண்ணுக்கா?"

"எந்தப் பொண்ணு? உங்களுக்குத் தெரியுமா?"

"பதட்டப்படாதே. கண் தெரியாதவா சொல்லச் சொல்லக் கூட இருந்து எழுதறது. அது பிரின்சிபல் அனுமதியோட நடக்கறதுதான். ஜானு என்.எஸ்.எஸ்ல சேர்ந்திருக்கா. ரெண்டு மாசமா அந்தப் பொண்ணுக்குப் பாடம் வாசிச்சு ரெக்கார்ட் பண்ணி அனுப்பறா. என் பழைய போனை அதுக்குத்தான் வாங்கிண்டா."

"என்னண்ட ஏன் சொல்லலை?"

"நீ 'இதுக்கு கிரேஸ் மார்க் உண்டா'ன்னு கேட்பேன்னு பயந்தா."

பாகீரதி போனை அணைத்தாள். அவள் அதைத்தான் கேட்டிருப்பாள். அது அவளுக்கே தெரியும்.

எக்ஸாம் பிளாக்கின் வாசலில் ஒரு மரப்பெஞ்சு. அதில் நடுவயதுப் பெண் ஒருத்தி நனைந்த குடையைக் காலடியில் வைத்து, மடியில் டிபன் பாத்திரத்தோடு உட்கார்ந்திருந்தாள். பாகீரதி மறுகோடியில் உட்கார்ந்து, பியூனிடம் கேட்டாள்.

"ஜானவின்னு ஒரு கொழந்தை உள்ள இருக்காளா? எப்ப விடுவா?"

"நாலரை கழிஞ்ஞும் ஒரு மணிக்கூர் உண்டு அம்மா. ஆ கண்ணு காணாத்த குட்டிக்கு எக்ஸ்ட்ரா டைம். அஞ்சரையாவும்."

பெஞ்சிலிருந்த பெண் சட்டென்று திரும்பினாள். பாகீரதியின் முகத்தைப் பார்க்கவில்லை, குரலைக் கேட்பதுபோல் தலையைச் சாய்த்தாள்.

"அக்கா... நீங்க 'ஜானூ, தோசை ஆறிப் போறது'ன்னு சொல்லுற அக்கா தானே?"

பாகீரதிக்கு ஒன்றும் புரியவில்லை.

"'தட்டு வெச்சாச்சு, வரியா இல்லையா'ன்னும் சொல்லுவீங்க. செவ்வாக்கிழமை ஒருக்கா பால்காரனைத் திட்டினீங்க."

"நீங்க யாரு?"

"நான் சுசீலாபாய். அஸ்வதிக்க அம்மா. உள்ள எழுதுறது எனக்க மவதான். உங்க பிள்ள வாசிச்சு அனுப்புற பாடத்தை, அவ ஹாஸ்டல்ல இருந்து வீட்டுக்கு வந்தா நாங்க எல்லாரும் இருந்து கேப்போம். கடைசியில எப்பவும் உங்க சத்தம் வரும். அதைக் கேட்டதும் அஸ்வதி, 'அம்மா, ஜானவி வீட்டுல சாப்பிடக் கூப்பிட்டாச்சு, எனக்கும் தா'ன்னு சொல்லுவா."

சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். சிரிக்கும்போதே கண் நிறைந்துவிட்டது. பாகீரதியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"கர்த்தர் உங்களை இன்னைக்கு இங்க கொண்டு வந்திருக்காரு, அக்கா."

சுசீலாபாய் கல்லாற்றிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருந்தாள். அங்கே அவள் கணவர் யோசுவாவுக்கு, பொன்முடி மலைக்குப் போகிறவர்கள் நிறுத்தி டீ குடிக்கும் ஒரு கடை. மூத்தவன் ஷிஜு விதுராவில் ஒர்க்‌ஷாப்பில் இருக்கிறான். அஸ்வதி இரண்டாம் வருஷம் ஹிஸ்டரி. போன வருஷம் இரண்டு பேப்பர் போய்விட்டது. படித்துச் சொல்ல ஆளில்லை.

"இன்னைக்கு அதுல ஒண்ணு. எழுத வரவேண்டிய பிள்ளைக்குக் காலையில காய்ச்சல். பன்னெண்டு மணிக்கு வேற ஆளில்ல. நான் அழுதுட்டேன். உங்க பிள்ளதான் ஓடிப்போய் டீச்சரைப் பாத்து, அனுமதிப் பேப்பரில ஒப்பு வாங்கி, 'நான் எழுதறேன் ஆன்ட்டி'ன்னு வந்துட்டா. அவளுக்கு இன்னைக்குப் பாட்டுப் போட்டியின்னு எனக்குத் தெரியாது அக்கா. இப்பதான் பியூன் சொன்னாரு. என்னை மன்னிக்கணும்."

பாகீரதி பிளாஸ்கைத் திறந்து மூடியில் சுக்கு வெந்நீரை ஊற்றி நீட்டினாள்.

"குடியுங்கோ. குளிர்றது உங்களுக்கு."

சுசீலாபாய் குடித்துவிட்டு, தன் போனை எடுத்து எதையோ தட்டி, பாகீரதியின் காதோடு வைத்தாள்.

ஜானவியின் குரல். இங்கிலீஷில் ஏதோ ஒரு சரித்திரம். நிதானமாக, ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக. ஒரு வருஷத்தைத் தப்பாகச் சொல்லிவிட்டு, "சாரி சேச்சி, இது தெற்றி, மறுபடி வாசிக்கறேன்" என்றாள். நீளமான வாக்கியத்தின் நடுவில் மூச்சு வாங்கும் இடம் தெரியவே இல்லை. அந்த மூச்சைப் பாகீரதிக்குத் தெரியும். ஏழு வயசில் விடியற்காலையில் எழுப்பி உட்கார்த்தி வைத்துப் பழக்கிய மூச்சு.

பாடம் முடிந்தது. ஒரு சின்ன இருமல். பிறகு,

"சேச்சி, இன்னிக்கு எந்தப் பாட்டு? சரி, மோகனம்."

ஜானவி பாடினாள், சாத்திய கதவைத் தாண்டாத தணிந்த குரலில்.

சுருதிப் பெட்டி இல்லை. தாளம் இல்லை. நடுவில் ஒரு அடி மறந்துபோய், சிரித்து, "ல ல லா" என்று நிரப்பிக்கொண்டு மேலே போனாள். மேடையில் இப்படிச் செய்திருந்தால் மார்க் போயிருக்கும். ஆனால் மாநில மேடையில்கூட இந்தப் பெண் இவ்வளவு சந்தோஷமாகப் பாடிப் பாகீரதி கேட்டதில்லை.

"ஒவ்வொரு பாடம் முடிஞ்சா ஒரு பாட்டு" என்றாள் சுசீலாபாய். "அதுக்காகவே எனக்க மவ பாடத்தை முழுசும் கேப்பா."

பாகீரதி முகத்தைத் திருப்பிக்கொண்டு புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள். நின்றுபோயிற்று என்று நினைத்த பாட்டு, தினம் ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால், சாத்திய கதவுக்குப் பின்னால் நடந்துகொண்டுதான் இருந்திருக்கிறது.

ஐந்தரைக்குக் கதவு திறந்தது. ஜானவி முன்னால் வந்தாள். அவள் முழங்கையைப் பிடித்தபடி, வெள்ளைக் கைத்தடியோடு ஒல்லியாக ஒரு பெண்.

அம்மாவைப் பார்த்ததும் ஜானவியின் கால் நின்றுவிட்டது.

"அம்மா... நீ ஹாலுக்குப் போனியா?"

"போனேன்."

"பேர் கூப்ட்டாளா?"

"மூணு தடவை."

ஜானவி பேனா மூடியைத் திறந்து திறந்து மூடினாள். "ஏமாத்தணும்னு நினைக்கலைம்மா. நிஜமா பாடறதாத்தான் இருந்தேன். உனக்காக. ஆனா பன்னெண்டு மணிக்கு..."

"எல்லாம் கேட்டேன்."

"கோபமா?"

பாகீரதி மகளின் வலது கையைப் பிடித்துப் பார்த்தாள். நடுவிரலில் பேனா பதிந்து சிவந்திருந்தது. உள்ளங்கையெல்லாம் மை.

"கோபம்தான். ரெண்டு மாசமா என்னண்ட சொல்லாம இருந்ததுக்கு. நான் அவ்வளவு கெட்டவளாடி?"

"இல்லைம்மா." ஜானவி தயங்கித் தயங்கிச் சொன்னாள். "ஸ்கூல்ல எல்லாத்துக்கும் நீ பேர் குடுத்தே, நான் போய் நின்னேன். நீ இல்லைன்னா நான் ஒண்ணுமே பண்ணியிருக்க மாட்டேன். அது எனக்குத் தெரியும். ஆனா இங்க நோட்டீஸ் போர்டு முன்னாடி நின்னப்போ, எனக்கு என்ன பிடிக்கும்னே தெரியலை. யாரும் சொல்லவும் இல்லை. என்.எஸ்.எஸ் லிஸ்ட்ல நானே என் பேரை எழுதினேன். முதல் தடவை. அதைக் கொஞ்ச நாள் என்னோடயே வச்சுக்கணும்னு தோணித்து."

பாகீரதி மை படிந்த அந்தக் கையை விடவில்லை.

அதுவரை சும்மா நின்ற அஸ்வதி, குரல் வந்த திசையில் கையைக் கூப்பினாள்.

"அம்மா, உங்க சத்தம் எனக்கு நல்லாத் தெரியும். இன்னைக்கு எல்லாக் கேள்வியும் எழுதியாச்சு. போன வருஷம் எழுத வந்தவங்க நான் சொல்லி முடிக்கதுக்குள்ள பாதியை விட்டுருவாங்க. ஜானவி விடமாட்டா. பாட்டுப் படிச்சதுனால அவளுக்குக் காது கூர்மை. நீங்க படிப்பிச்சதுதானே அது? உங்களுக்கும் நன்றி சொல்லணும்னு இருந்தேன்."

பதினொரு வருஷத்தில் எத்தனை பேர் கைகுலுக்கியிருக்கிறார்கள், எத்தனை கோப்பைகள்! இப்படி ஒரு வார்த்தையை யாரும் பாகீரதியிடம் சொன்னதில்லை. அந்தப் பெண்ணின் கன்னத்தைத் தொட்டு, "நன்னா இரு கொழந்தே" என்றாள்.

"இன்னும் ஒரு பேப்பர் பாக்கி, அம்மா. தமிழ். ரெண்டாம் மொழி நான் தமிழ் எடுத்தேன். அதுக்குத்தான் வாசிச்சுத் தர யாரும் கிடைக்கல்ல."

ஜானவி சிரித்தாள். "எனக்குத் தமிழ் பேசத்தான் வரும்மா. ஸ்கூல் முழுக்க மலையாளம்தானே. எழுத்துக்கூட்டி வாசிச்சா சேச்சி தூங்கிப்போயிடுவா. கல்லிடைக்குறிச்சியில படிச்சவ நீதானே?"

அஸ்வதி பையிலிருந்து புத்தகத்தை எடுத்து நீட்டினாள். பாகீரதி வாங்கிப் புரட்டினாள். கல்யாணமாகி வந்து இருபத்திரண்டு வருஷம். பாடப்புத்தகத்தைத் தனக்காக யாரும் அவள் கையில் கொடுத்ததில்லை.

"எத்தனை பாடம்?"

"பதினாலு."

"ரெக்கார்ட் பண்ண எனக்குத் தெரியாதே."

"நான் சொல்லித் தரேன்" என்றாள் ஜானவி.

அப்போதுதான் சுசீலாபாயின் போன் அடித்தது. அவள் எழுந்து தள்ளிப் போனாள். ஆனால் கணவரின் உரத்த குரல் பெஞ்சுவரை கேட்டது.

"எழுதினாளா? சரி, நல்லது. திங்கக்கிழமை ஷிஜு ஜீப்பு கொண்டு வருவான். ஹாஸ்டல் சாமானெல்லாம் கட்டி வையி. பிள்ளையை இனி அங்க விட மாட்டேன்."

அஸ்வதியின் முகம் வெளுத்தது. ஜானவி அவள் கையை இறுகப் பிடித்தாள்.

"என்ன இது?" என்று கேட்டாள் பாகீரதி.

"ஹாஸ்டல்ல ரூம் ரெண்டாவது மாடி" என்றாள் அஸ்வதி தாழ்ந்த குரலில். "மழையில படியில ரெண்டு தடவை விழுந்துட்டேன். அப்பாவுக்குப் பயம். படிச்சது போதும், வீட்டுக்கு வான்னு சொல்லுறாரு."

பாகீரதி நேராக சுசீலாபாயிடம் போனாள்.

"போனை இப்படிக் குடுங்கோ."

"அக்கா, அவரு கோவத்துல..."

"குடுங்கோ, நான் பேசறேன்." வாங்கிக் காதில் வைத்தாள். "நமஸ்காரம். நான் ஜானவியோட அம்மா, பாகீரதி. இப்ப போய்ப் படிப்பை நிறுத்தறேன்னா எப்படி? இன்னிக்கு அவ எவ்வளவு நன்னா எழுதியிருக்கா தெரியுமோ?"

மறுமுனையில் ஆற்றுச் சத்தத்துக்கு நடுவே யோசுவாவின் குரல் இறங்கி வந்தது.

"அம்மா, உங்க பிள்ளைக்கு நாங்க பட்ட கடன் தீராது. அவளைப் படிக்க வைக்கணும்னு எனக்கு ஆசை இல்லியா? இன்னொருக்கா விழுந்தா அவளுக்கு யாரு இருக்கா அங்க? படி ஏறாம ஒரு இடம், நாலு மனுஷர் இருக்கிற ஒரு வீடு, டவுனில கிடைச்சா இன்னைக்கே விடுவேன். ரெண்டு மாசமா தேடுறேன். கண் தெரியாத பிள்ளைன்னு சொன்னதும் கதவை அடைக்கிறாங்க."

வலியசாலையில், அவர்கள் வீட்டின் பின்கட்டில் ஒரு அறை இருக்கிறது. படி கிடையாது. பக்கத்துச் சந்திலிருந்து தனி வாசல். குடியிருந்த வங்கி உத்தியோகஸ்தர் மாற்றலாகிப் போனதிலிருந்து காலிதான். நம்மவாளாக இருந்தால்தான் கொடுப்போம் என்று சுப்பு மூன்று பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறார். அந்தத் தெருவில் எல்லா வீட்டிலும் அதுதான் வழக்கம். பாகீரதியும் இதுவரை அதற்கு மறுபேச்சுப் பேசியதில்லை.

அவள் திரும்பிப் பார்த்தாள். மழை விட்டிருந்தது. ஜானவி அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"திங்கக்கிழமை ஜீப்பு வரட்டும்" என்றாள் பாகீரதி போனில். "ஆனா கல்லாத்துக்குத் திரும்ப வேண்டாம். நேரா வலியசாலைக்கு வாங்கோ. ஒரு ரூம் இருக்கு. பாத்துட்டுச் சொல்லுங்கோ."

சுசீலாபாய் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். ஜானவி ஓடிவந்து அம்மாவைக் கட்டிக்கொண்டதில், புடவைத் தோளெல்லாம் மையாயிற்று.

நல்லதுதான், ரொம்ப நல்லதுதான். ஆனால் கிழக்கேகோட்டை பஸ்ஸில் மகளோடு ஏறி உட்கார்ந்து, தமிழ்ப் புத்தகத்தின் முதல் பாடத்தைத் திறந்தபோதுதான் பாகீரதிக்கு உறைத்தது. இதை இன்னும் சுப்புவிடம் சொல்லவில்லை.

"அம்மா, அப்பாட்ட யார் சொல்றது?" என்றாள் ஜானவி.

பாகீரதி புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"பேர் குடுத்தவாதான் போய் நிக்கணும்னு உங்க காலேஜ்ல சொன்னாளே. நான்தான் சொல்லணும்."

பஸ், ஸ்டாச்சு ஜங்ஷன் சிக்னலில் நின்றது. கைப்பைக்குள் போன் ஒலித்தது. சுப்புதான்.